படிக்காமல் மறுக்கப்பட்டது

வஞ்சிரு கமாவ் எழுதப்போகும் கட்டுரை, அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடுவதற்குள் அச்சாகி வெளியே வந்துவிட்டது. மொத்தம் ஒன்பது பக்கம். ஏழாம் மிதவையைப் பற்றியது. அவர் இன்னும் அந்த மிதவையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

எழுத்தர் உமையாள் அந்தத் தாள்களைக் கவிழ்த்தபடியே எடுத்து, உறைக்குள் போட்டு ஒட்டி, மேலே எண்ணை எழுதி அனுமதி அலுவலர் எஸ்தாக்கியின் மேசையில் வைத்தாள். தொண்ணூற்றொன்று. முப்பதைத் தாண்டினாலே அனுமதி கிடையாது. எஸ்தாக்கி முத்திரையை மையில் ஒற்றி உறையின் மேல் பதித்தார். 'படிக்காமல் மறுக்கப்பட்டது.'

புதுக்கொற்கையின் ஊடக அங்கீகார அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாக இப்படித்தான் வேலை நடந்தது. எந்திரத்தின் பெயர் முன்னெழுதி. வெளிநாட்டுச் செய்தியாளர் யார் வந்து மனுப் போட்டாலும், அவர் இதுவரை எழுதிக் கிழித்ததையெல்லாம் அது முதலில் தின்று முடிக்கும். யாரிடம் பேச்சுக் கொடுப்பார், எந்தக் கேள்வியை இரண்டாவது தடவை கேட்பார், எங்கே மனம் இளகுவார் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. பிறகு அரசின் கருவிகள் நாடு முழுக்கச் சேர்த்துவைத்த மருத்துவப் பதிவு, கண்காணிப்புப் படம், ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்தி என்று அத்தனையையும் புரட்டிவிட்டு, இந்த ஆளை அந்த இடத்துக்குள் விட்டால் இன்னதைக் கண்டு இன்னதை எழுதுவார் என்று எழுதியே காட்டிவிடும். கட்டுரை வெளியானால் என்னென்ன நடக்கும் என்று கடைசியில் ஒரு விளைவுக் குறிப்பும் இருக்கும். அதனால் அரசுக்கு வரக்கூடிய தலைகுனிவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். அதற்குத்தான் உறுத்தெண் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு படிதான் அச்சாகும். அச்சானதும் முன்னெழுதி எல்லாவற்றையும் மறந்துவிடும். மறக்க வேண்டும் என்றே அதை அப்படிச் செய்திருந்தார்கள். அமைச்சகத்துக்கு எண் மட்டும் போகும். உறை மூன்றாம் மாடி வைப்பறைக்குப் போகும். அங்கே நாற்பதாயிரம் உறைகள் இருந்தன. நாட்டிலேயே சிறந்த பத்திரிகை அந்த அறையில்தான் இருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். அதற்கு வாசகர் என்று ஒருவர்கூட இல்லை. அரசுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அரசில் இருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இந்தக் கூத்துக்கு விதி எழுதியவரே எஸ்தாக்கிதான். அதற்கு முந்தைய ஆரம்ப காலத்தில் அலுவலர்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் முடிவு எடுத்தார்கள். அவரும் ஒருமுறை படித்தார். மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றைப் பற்றிய கட்டுரை. படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல், நாற்பத்து நான்கு வந்த ஆளுக்கு அங்கீகார அட்டை கொடுத்துவிட்டார். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அதன் பிறகு உட்கார்ந்து அழகாக ஒரு வரைவு எழுதினார்: படிப்பவர் மனம் சாயும், சாய்ந்த மனம் நியாயமாகத் தீர்மானிக்காது, ஆகவே அலுவலர் எண்ணை மட்டுமே பார்க்க வேண்டும். மேலிடத்துக்கு அது மிகவும் பிடித்துப்போய், பதினோராம் விதி ஆக்கினார்கள். முத்திரையையும் அவருக்காகவே செய்துகொடுத்தார்கள். அதை நேர்மை என்று அவர் நம்பினார். இனிமேல் சோறு இறங்கும் என்ற நிம்மதியும் அதில் இருந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வஞ்சிரு உட்கார்ந்திருந்தார். நைரோபிக்காரர். அலுவலகத்தில் எல்லாரும் அவரை முதுகுக்குப் பின்னால் வஞ்சிரம் என்றுதான் சொல்வார்கள். இது அவருடைய மூன்றாவது விண்ணப்பம். நெய்தற்கூட்டரசுக்கு வருவதற்காகவே இரண்டு ஆண்டு தமிழ் படித்தவர் என்பதால், பாடப்புத்தகம் பேசுவது போலப் பேசுவார். அங்கீகார அட்டை மறுக்கப்பட்டால் பணி அனுமதியும் அன்று மாலையோடு காலாவதி. அடுத்த கப்பலில் கிளம்பிவிட வேண்டும். அது அவருக்கும் தெரியும். வாதாடவில்லை.

"ஐயா, அதில் நான் என்ன எழுதியிருக்கிறேன்?" என்று மட்டும் கேட்டார்.

அதைச் சொல்ல விதியில் இடமில்லை என்றார் எஸ்தாக்கி.

"நீங்கள் படித்தீர்களா?"

"நாங்க படிக்கதில்லம்மா. யாருக்கும் பாரபட்சம் கிடையாது." சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வஞ்சிருவின் முகத்தில் கோபம் இல்லை. தன்னுடைய கட்டுரை இருந்த உறையை ஒருமுறை பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகும் உறை மேசையில்தான் கிடந்தது. வழக்கமாக எஸ்தாக்கி உடனே வைப்பறைக்குப் போகும் கட்டோடு சேர்த்துவிடுவார். அன்றைக்குக் கை போகவில்லை. காரணம் உமையாளுக்குத் தெரியும். எஸ்தாக்கியின் மகள் பிரகாசி எட்டு மாதமாக ஏழாம் மிதவையில் செவிலியாக இருந்தாள்.

கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, கடலடிக் கனிமத்தை அள்ளி உலர்த்தும் மிதவை அது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். மனைவி போன பிறகு எஸ்தாக்கிக்கு இருந்தது அந்த ஒரு பெண்தான். ஞாயிறுதோறும் குரல் இணைப்பில் பேசுவாள். மிதவைச் சாப்பாட்டைக் கேலி செய்வாள், அப்பா சட்டைக்கு இஸ்திரி போடுகிறாரா என்று விசாரிப்பாள், அவருடைய முத்திரையைப் பற்றி ஒரு கிண்டலாவது அடிக்காமல் வைக்க மாட்டாள். மூன்று வாரமாக இணைப்பு இல்லை. காந்தப் புயல் என்று அறிவிப்பு வந்திருந்தது. கடைசியாகப் பேசிய ஞாயிறன்று அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"அப்பா, இங்க தூசி ஏறி நெறைய பேருக்கு மூச்சு முட்டுதுப்பா. கேட்ட மருந்து வரல. மேனேஜரு வரும் வரும்னே சொல்லுதாரு. அங்க யார்கிட்டயாவது சொல்லுங்களேன்."

"நான் யார்கிட்ட போயிச் சொல்ல? நான் சீட்டுக் குடுக்கிற ஆளு. நீ முறைப்படி துறைக்கு எழுதிப் போடு."

"எழுதிட்டேன்பா. மூணு தடவ."

"நாலாவது தடவ எழுது. பாப்பாங்க."

இவ்வளவுதான் அன்றைய பேச்சு. அவரும் அதை மறந்துவிடவில்லை. துறையில் தெரிந்த ஒருவரிடம் பட்டும் படாமலும் விசாரித்தார். எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பதில் வந்தது. எஸ்தாக்கியும் அதே வார்த்தையை எத்தனையோ பேரிடம் சொன்னவர்தான். ஆனாலும் தன்னிடம் சொன்னபோது நம்பினார்.

உமையாள் மெதுவாக எழுந்தாள். தான் கீழே போய் டீ வாங்கி வருவதாகவும், வர அரை மணி ஆகும் என்றும் சொன்னாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "சார், பசை இன்னும் காயல. பிரிச்சா தெரியாது" என்றாள்.

அந்த அரை மணி நேரமும் அவர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது பக்கத்தின் கனம் கையில் தெரிந்தது. உள்ளே ஏதோ இருக்கிறது. தொண்ணூற்றொன்று சும்மா வராது. ஆனால் பெரிய எண்ணுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். சம்பளப் பிரச்சினையாக இருக்கும். மேலதிகாரியின் ஊழலாக இருக்கும். இன்றைக்குத் தன் பெண்ணுக்காக ஒன்றைப் பிரித்தால், பதினோரு ஆண்டு பிரிக்காமல் வைத்தவையெல்லாம் என்ன ஆகும்? அவற்றில் யார் யாருடைய பெண்கள் இருந்தார்களோ? அந்த நினைப்பு வந்ததுமே அவருக்கு உறையைத் தொடவே பயமாகிவிட்டது. உமையாள் டீயோடு வந்தபோது உறை கட்டுக்குள் இருந்தது. டீயை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

நாற்பத்தொரு நாள் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டே வரி. ஏழாம் மிதவையில் ஏற்பட்ட எதிர்பாராத நுரையீரல் நோயில் பணியாளர் அறுபத்து மூவர் இறந்தனர், செவிலி பிரகாசி எஸ்தாக்கி அவர்களுள் ஒருவர். தொற்று அச்சம் காரணமாக உடல்கள் அங்கேயே கடலில் இடப்பட்டன.

எதிர்பாராத என்ற சொல்லை எஸ்தாக்கி திரும்பத் திரும்பப் படித்தார். உடல் இல்லாத பூசையில், அவள் செவிலிப் பள்ளி முடித்தபோது எடுத்த படத்தைப் பீடத்தின் முன்னால் வைத்திருந்தார்கள். ஊர் மொத்தமும் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது. அவருக்கு அழுகை வரவில்லை. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே அலுவலகம் வந்து, நேராக மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

உறையைத் தேட வேண்டியிருக்கவில்லை. வைத்த இடம் கைக்கே தெரிந்திருந்தது. தரையில் உட்கார்ந்து பிரித்தார்.

முன்னெழுதி எதை எழுதினாலும் தமிழில்தான் எழுதும். ஆனாலும் வஞ்சிருவின் குரல் அதில் அப்படியே இருந்தது. உலர்த்தும் கூடத்தின் தூசி எப்படி இருமலாகிறது, இருமல் எப்படி மூச்சுத் திணறலாகிறது, எந்தத் தேதியில் எந்த மருந்து கேட்கப்பட்டது, யார் கையெழுத்துப் போடாமல் நிறுத்தினார் என்று முதல் நான்கு பக்கம். ஐந்தாம் பக்கத்தில் பிரகாசி வந்தாள்.

'நூற்றிருபது படுக்கைக்கு அவர் ஒருவர்தான் செவிலி. உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், தூங்கினால் யாராவது செத்துப்போவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பேச்சின் நடுவே என் கழுத்தில் தொங்கிய அங்கீகார அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்து அப்படியே நின்றார். இது எங்கப்பா கையெழுத்து என்றார். தற்செயல்தானே என்று நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "இல்லக்கா. எங்கப்பா எதையுமே படிக்க மாட்டாரு. படிக்கக் கூடாதுன்னு அவரே விதி எழுதி வச்சிருக்காரு. உங்கள விட்டிருக்காருன்னா, படிச்சிருக்காரு. நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கு." அந்த நாள் முழுவதும் அந்தப் பெண் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.'

முன்னெழுதி மகளைச் சரியாகத் தெரிந்துவைத்திருந்தது. அப்பாவைத்தான் அதற்குத் தெரியவில்லை.

கடைசிப் பக்கத்தில் விளைவுக் குறிப்பு. கட்டுரை வெளியான மூன்றாம் நாள் அயல்நாட்டு மருத்துவக் கப்பல் ஒன்று உதவ முன்வரும். மறுக்க இயலாத நிலை உருவாகும். மருந்து ஏழாம் மிதவையை அடையும். மொத்த இறப்பு நான்கு. நால்வர் பெயரும் இருந்தன. பிரகாசி அதில் இல்லை. அரசின் மதிப்புக்குச் சேதம் கடுமை. உறுத்தெண் தொண்ணூற்றொன்று.

எஸ்தாக்கிக்கு அப்போதுதான் புரிந்தது. சாவுக்கு முன்னெழுதி மதிப்பெண் போடவில்லை. மிதவையில் இருந்தவர்களை வேறொருவர் வந்து காப்பாற்றுவதுதான் தலைகுனிவு. அவருடைய பெண் பிழைத்திருப்பதற்குத்தான் தொண்ணூற்றொன்று போட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவர் முத்திரை குத்தினார். சுற்றிலும் நாற்பதாயிரம் உறைகள், அவற்றில் பெரும்பாலானவற்றில் அவருடைய முத்திரை. அவர் வாய்விட்டு அழுதார். சத்தம் கேட்டு மாடிப்படி வரை வந்த உமையாள், உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஏழாம் மிதவை மீண்டும் இயங்கத் தொடங்கியது என்று அறிவிப்பு வந்தது. அடுத்த வாரமே வஞ்சிரு கமாவ் திரும்பி வந்து நான்காவது விண்ணப்பத்தைக் கொடுத்தார். இடம் அதேதான். முன்னெழுதி இரண்டு பக்கத்தோடு முடித்துக்கொண்டது. உமையாள் உறையை ஒட்டவே இல்லை. மேசையில் வைத்துவிட்டு, "நாலு, சார்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தொண்ணூற்றொன்றாக இருந்தது நான்காகிவிட்டது. எஸ்தாக்கி எல்லார் கண்முன்னேயும் தாள்களை எடுத்துப் படித்தார். அமைதியான கடல். புதிதாக வந்த பணியாளர்கள், பெயின்ட் வாசம் போகாத கூடம். இறந்தவர்கள் நினைவாக ஒரு கல், அதில் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை. நடந்ததைக் கண்டவர்கள் யாரும் அங்கே மிச்சமில்லை. பிழைத்தவர்களை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். விளைவு எதுவும் இல்லை. தாராளமாக அனுமதிக்கலாம்.

அவர் அங்கீகார அட்டையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். வழக்கத்தைவிட நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி போட்டார். ஏழாம் மிதவையில் அதைப் பார்த்து அடையாளம் சொல்ல இனி யாருமில்லை என்ற நினைப்பு பேனா எடுக்கும்போதே வந்துவிட்டது. அட்டையோடு சேர்த்துப் பழைய உறையையும் கண்ணாடித் தடுப்பின் அடியில் தள்ளினார்.

வஞ்சிரு அங்கேயே நின்றபடி படித்தார். ஒன்பது பக்கமும் படித்தார். ஐந்தாம் பக்கத்துக்கு ஒருமுறை திரும்பிப் போனார். பிறகு அட்டையின் பின்பக்கத்துக் கையெழுத்தைப் பார்த்தார், தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்தார். கேட்க வேண்டியதை அவர் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போயி போடுங்கம்மா" என்றார் எஸ்தாக்கி. "எல்லாம் உங்க எழுத்துதான். ஒரு வரிகூடப் பொய் கிடையாது."

வஞ்சிரு தாள்களை அடுக்கி, உறைக்குள் வைத்து, அவர் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"என்னால் முடியாது, ஐயா. நான் போகவில்லையே. இந்தப் பெண் என் அட்டையைத் தொட்டதாக இதில் இருக்கிறது. தொடவில்லை. இதன் கீழே என் பெயரைப் போட்டால் இது முழுவதும் பொய்யாகிவிடும். உங்கள் அரசாங்கமும் அதைத்தான் சொல்லும், அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்."

அந்த உறைதான் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே வழி என்று எஸ்தாக்கி நினைத்திருந்தார். உண்மை அத்தனையும் உள்ளே இருக்கிறது. பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. பார்க்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியது அவர்தான்.

"நடந்ததை மட்டும்தான் நான் எழுதலாம்" என்றார் வஞ்சிரு. சொற்களைத் தேடித் தேடி எடுத்துவைத்தார். "மிதவைக்குப் போனால் எனக்குக் கிடைப்பது ஒரு கல். அதற்காகத்தான் எனக்கு நான்கு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த மேசையில் ஒன்று நடந்திருக்கிறது. இந்த உறை இங்கே இருந்தது. நீங்கள் இங்கே இருந்தீர்கள். நீங்கள் படிக்கவில்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதை எழுதட்டுமா?"

உமையாள் தட்டச்சுவதை நிறுத்திவிட்டாள். முன்னெழுதிக்கு நாட்டில் எல்லாரையும் தெரியும். அனுமதி வழங்கும் அலுவலரை மட்டும் அது கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. எண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்காத ஆளைக் கணக்கில் சேர்த்து என்ன ஆகப்போகிறது என்று விட்டிருந்தார்கள். அதுவும் பதினோராம் விதியின் கைங்கரியம்தான். ஆகவே இப்போது எழுதப்படப்போகும் கட்டுரைக்கு யாரிடமும் எண் இல்லை. வெளியானால் எஸ்தாக்கிக்கு வேலை போகும் என்பதும், அதோடு விடமாட்டார்கள் என்பதும் மட்டும் அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

உமையாள் எழுந்து போய், உணவு இடைவேளை என்ற பலகையை எடுத்து வாசலில் மாட்டினாள். மணி பத்தரைதான் ஆகியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் கிடந்த நாற்காலியை வஞ்சிருவுக்கு இழுத்துப் போட்டாள்.

வஞ்சிரு உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். முதலில் பெயர் கேட்டார்.

"எஸ்தாக்கி."

"பதவி?"

முத்திரை மேசையில் மைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரகாசியோட அப்பான்னு போடுங்க" என்றார்.

வஞ்சிரு எழுதிக்கொண்டு, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எஸ்தாக்கிக்கு முதலில் தெரியவில்லை. விதியிலிருந்தா, முத்திரையிலிருந்தா, மலையடிவாரத்துப் பள்ளியிலிருந்தா என்று யோசித்தார். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே தொடங்கினார்.

"கடைசியாப் பேசினப்ப எம்புள்ள ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. இங்க மூச்சு முட்டுதுப்பா, யார்கிட்டயாவது சொல்லுங்கன்னு கேட்டா" என்றார். "இப்பதான் சொல்லுதேன்."